இலோனா வெட்டிய முகம்

லண்டனின் மிச்சம் பகுதியில் ட்ராம் ஏறிய நேரம் தொட்டு கனகாம்பிகை வாய் திறக்கவில்லை. மகள் கம்சிகாவுக்கு அது அதிசயம். வாய் ஓயாத மனுஷி அவள். இருவரும் இலோனா பார்தோஸ் எடுத்த ஆவணப்படம் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். தொண்ணூறு வயதான அந்த ஹங்கேரிக்காரிக்கு லண்டனில் ஒரு வாரம் விழா எடுக்கிறார்கள். தான் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது செத்துப்போன அப்பா திரையில் சிரிப்பதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது கம்சிகாவின் ஆசை. வீட்டுக் கல்யாண போட்டோவில் அவர் பல்வலிக்காரர் மாதிரி நிற்கிறார். இந்தப் படத்தில் அவர் முகமே வராது என்பதைத் தாய் இன்னும் சொல்லவில்லை.

இலோனா ஐம்பத்தாறாம் ஆண்டுக் கிளர்ச்சியில், இருபத்தொரு வயதில், புடாபெஸ்டிலிருந்து எல்லை தாண்டி வந்தவள். பெண்ணுக்குக் கமெரா எதற்கு என்று கேட்ட காலம். பதினொரு வருஷம் ஆண்கள் எடுத்த பிலிமை வெட்டி ஒட்டினாள். பிறகு இரவல் கமெராவோடு தானே கிளம்பினாள். அதற்கப்புறம் யார் சொல்லியும் அதைக் கீழே வைக்கவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஈஸ்ட் ஹாம் அகதிகள் விடுதிச் சமையலறைக்கு வந்தாள். முதல் ஒரு கிழமை கமெராவைக் காரிலேயே விட்டுவிட்டுப் பெண்களோடு இருந்து வெங்காயம் உரித்தாள். அழுவதற்கு ஒரு சாட்டு வேண்டும்தானே என்று சிரித்தாள். எட்டாம் நாள் கமெரா உள்ளே வந்தது. கனகாம்பிகையின் கணவர் பாலேந்திரா தலைவாரி, பவுடர் பூசி, மாப்பிள்ளை கணக்காக வந்து நின்றார்.

கனகாம்பிகை ஊரை நினைத்தாள். அங்கே சண்டைக்குள் கணவரின் தம்பி இருந்தான். அண்ணன் முகம் திரையில் வந்தால் அவனை யார் வந்து பிடிப்பார்களோ? கணவருக்குத் தெரியாமல் இலோனாவிடம் போய், முகத்தை வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். இலோனா ஏன் என்று கேட்கவில்லை. பத்திரிகைப் படமொன்றில் முகம் தெரிந்ததால் தன் தோழி ஆறு வருஷம் சிறையில் கிடந்ததை மட்டும் சொல்லி, வெட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்தாள்.

படம் காட்டிய நாளில் கனகாம்பிகை நிறைமாதம். தனியே போய்வந்த பாலேந்திரா சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

“என்ர முகம் அந்த மனுசிக்குப் பிடிக்கேல்லைப் போல,” என்றார்.

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்றிருக்க, மாரடைப்பில் அவர் போய்விட்டார். நாற்பது வருஷமாக அவர் சொன்ன அந்த ஒரு வசனம் அவளை அரிக்கிறது.

தியேட்டர் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தாள் இலோனா. வெட்டிய துண்டு எங்கேயாவது கிடக்கிறதா என்று கனகாம்பிகை கேட்டாள். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே எரித்துவிட்டேன், வாக்குக் கொடுத்தேனே என்றாள். பக்கத்தில் நின்ற கம்சிகாவுக்கு அதன்பிறகு எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. கேட்டுவிட்டு அவள் உள்ளே போய், தாய்க்கும் தனக்கும் நடுவில் ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. விடுதி அடுப்பு, கேத்தில், வெங்காயக் கூடை. பிறகு இரண்டு கைகள். பெருவிரலில் கனகாம்பிகைக்குப் பழக்கமான அந்தத் தழும்பு. கைகள் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி போட்டன. அடுத்த கரண்டியை அள்ளியபடி, போதுமா என்று கேட்பதுபோல் நின்றன. இலோனா முகத்தை மட்டும்தான் வெட்டியிருந்தாள். குரலையும் வெட்டச் சொல்லக் கனகாம்பிகைக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

“கனகம், சீனி காணுமோ?”

கம்சிகா எழுந்து நடு இருக்கைக்கு வந்தாள். “அம்மா, அப்பாவோ கதைக்கிறார்?”

மகள் கேட்டது தாயின் காதில் விழவில்லை.

“காணுமப்பா,” என்றாள் கனகாம்பிகை திரையைப் பார்த்து. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். “உங்கட முகத்தை வெட்டச் சொன்னது நான்தான்.”