வெள்ளோட்டம்

விடிவதற்குள் முடித்தாக வேண்டும். சரக்குக் கிடங்கின் மாடியில், சன்னல் இல்லாத அறையில், விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கு நடுவே, அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி அலமாரிகளில் சர்வர்கள் பச்சை விளக்குகளைச் சிமிட்டி நின்றன. அவற்றுக்குக் குளிர் வேண்டும். அதற்காக மனிதர்கள் விறைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை வரும் வேலை இது. சர்வர்களை இயக்கும் மென்பொருளில் திருடன் நுழையக்கூடிய ஓட்டைகள் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும். அவற்றை அடைக்கும் அப்டேட்டுகளை ஒவ்வொன்றிலும் ஏற்ற வேண்டும். பேக்அப் எடுத்து, அப்டேட்டை ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, எழுந்து வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்தது. கீழே லாரிகள் நுழைவதற்குள் எல்லாம் எழுந்து நிற்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் தாடி. அவனுக்கு அம்மா வைத்த பெயர் அந்த மாடியில் யாருக்கும் நினைவில்லை. முந்தின நாள் காலை வேலைக்கு வந்தவன் இன்னும் வீடு திரும்பவில்லை. முன்பு இந்த அறையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. போனவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. நாற்காலிகள் மட்டும் மூலையில் கிடந்தன.

"மிஷினுக்கு மாசாமாசம் ஊசி போடுறோம் அக்கா. நமக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை குடுக்க ஆளில்ல."

"பேசாம போய் முகத்தைக் கழுவு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு."

முன்பெல்லாம் அப்டேட்டைத் தனியாக ஒரு சர்வரில் ஏற்றிப் பார்ப்பார்கள். வெள்ளோட்ட மிஷின் என்று அதற்குப் பெயர். அதில் ஒன்றும் கெடவில்லை என்றால்தான் மற்றவற்றைத் தொடுவார்கள். "சும்மா நிக்கிற மாட்டுக்கு எதுக்குத் தீனி?" என்று முதலாளி அதை விற்றுவிட்டார். அக்கா இரண்டு முறை போய்ச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

வாசல் சர்வர் கடைசியாக வந்தது. லாரிகளின் நுழைவு, எடை மேடை, சுமை தூக்குபவர்களின் வருகைப் பதிவு எல்லாம் அதில்தான். தாடி அப்டேட்டை ஏற்றி ரீஸ்டார்ட் கொடுத்தான். திரை கறுத்தது. சில எழுத்துகள் தோன்றின. மறுபடி கறுத்தது. எழுவதும் விழுவதுமாக அது சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது.

"அக்கா…" என்று அவள் பக்கம் திரும்பினான்.

"பதறாத. பேக்அப்புக்குத் திரும்பிடுவோம். மெதுவாத்தான் வரும், ஆனா வந்துடும்."

கீழே வாசலின் தடுப்புக் கம்பம் உயரவில்லை. தெருமுனை வரை லாரிகள் நின்றன. சாக்குத் துணியைத் தோளில் போட்டபடி சுமை தூக்குபவர்கள் வெயிலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி வந்தார்.

"யாரு அமுக்கினது?"

"அப்டேட்டுல கோளாறு சார்," என்றாள் அக்கா. "ஏத்திப் பார்க்க வேற மிஷின் இருந்திருந்தா…"

"நான் அதைக் கேக்கல. யாரு அமுக்கினது?"

"நான்தான் சார்," என்று எழுந்தான் தாடி.

"தூங்கிக்கிட்டே அமுக்கினியா?"

"தூங்கத்தான் விடலையே சார்."

முதலாளி படிக்கட்டுக்குப் போனார். படிக்கட்டின் பாதியில் நின்று கீழே இருந்தவர்களிடம் சொன்னார்: "மேல ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல மிஷினைக் கெடுத்துட்டான். வேலை இல்லன்னா கூலியும் இல்ல. எதுவா இருந்தாலும் அவன்கிட்ட கேளுங்க."

கேட்கத்தான் மாடி ஏறி வந்தான் மலை. சுமை தூக்குபவர்களுக்கு அவன்தான் தலைவன். ஒல்லியான, குட்டையான ஆள். மூட்டையை முதுகில் ஏற்றினால் கால்கள் மட்டும் தெரியும். மலை என்று யாரோ கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

"எவன்யா அந்தத் தூங்குமூஞ்சி?"

தாடி திரும்பவில்லை. பேக்அப் ஏறுவதைக் காட்டும் கோடு நத்தையாய் ஊர்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"இவன் நேத்துக் காலையில வேலைக்கு வந்தவன்ணே, இன்னும் வீட்டுக்குப் போகல," என்றாள் அக்கா. வெள்ளோட்ட மிஷினின் கதையையும் சொன்னாள்.

மலை அறையைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் குவிந்த நாற்காலிகளில் அவன் கண் நின்றது.

"எங்க தள்ளுவண்டிக்கு பிரேக் இல்லன்னு நாங்களும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். ஒருத்தன் கால் நசுங்கினப்ப, கவனமில்லாம இருந்தான்னுதான் முதலாளி சொன்னாரு. அன்னைக்கு மாடியில இருந்து ஒருத்தரும் கீழ எறங்கி வரலம்மா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "வரலண்ணே. நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்துட்டோம்."

"சரி விடு. தண்ணி இருந்தா அந்தப் பையனுக்குக் குடு."

ஒரு வழியாக வாசல் சர்வர் எழுந்தது. கம்பம் உயர்ந்தது, லாரிகள் உறுமின. அப்போது முதலாளியின் உதவியாளர் கதவில் தலையை நீட்டினார்.

"தாடி மட்டும் வரணுமாம். ராஜினாமாவைக் கையோட எழுதிக் கொண்டுவரச் சொன்னாரு."

தாடி எழுந்தான். அக்காவும் எழுந்தாள். மலை படிக்கட்டிலிருந்து கீழே குனிந்து குரல் கொடுத்தான். "யாரும் மூட்டையில கை வைக்காதீங்க. மேல வாங்க."

மாடி நடையின் கோடியிலிருந்த முதலாளியின் அறை கொள்ளவில்லை. நடையெல்லாம் வியர்வையும் சாக்குத் தூசியும் மணத்தன.

"நான் ஒருத்தனைத்தான் கூப்பிட்டேன்."

"ஒத்தையா வந்தப்ப நீங்க காது குடுக்கல சார்," என்றாள் அக்கா. "இவன் வேலையில இருக்கணும். வெள்ளோட்ட மிஷின் திரும்ப வரணும். மாடிக்கு ஆள் போடணும்."

"தள்ளுவண்டிக்கு பிரேக்," என்றான் மலை. "காத்து நின்ன நேரத்துக்குக் கூலி."

"இவனால கூலி போச்சுன்னு வந்தவங்க, இப்ப இவனுக்கே வக்காலத்தா?"

"இவனாலன்னு நீங்க சொன்னீங்க. நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்," என்றான் மலை.

"வாசல் திறந்தாச்சு. போய் லாரியைக் கவனிங்க."

"கவனிக்கிறோம். நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க."

முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நான் யோசிக்கணும்," என்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது.

அவர்கள் போகவில்லை. படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோர் சீட்டும் கிழியலாம். தண்ணீர்ப் பாட்டில் கை மாறிக் கை மாறிக் கீழ்ப்படி வரை போனது. கீழே லாரி ஓட்டுநர்களும் இன்ஜினை அணைத்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்க வந்துகொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தாடியின் தலை சாய்ந்து மலையின் தோளில் விழுந்தது. அக்கா எழுப்பக் கையை நீட்டினாள்.

மலை தோளை அசைக்காமல், "விடும்மா, தூங்கட்டும்," என்றான். "கதவு திறக்கிறப்ப எழுப்பிக்கலாம்."