இடது தோளுக்கு மாறிய துப்பாக்கி

டயகம தேயிலைத் தோட்டத்தில் அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் லய வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களின் கிழங்குப் பாத்திகளை உழுது போட்டன. காவலுக்கென்று, தோட்டத்தை நிர்வகித்த துரை ஒரு துப்பாக்கியைத் தொழிலாளி நல்லமுத்துவிடம் கொடுத்திருந்தார். அவன் சுட்டால் பெரும்பாலும் குறி தப்பும். ஒருநாள் பட்டது, ஆனால் பின்தொடையில். வலியில் வெறிகொண்ட பன்றி, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாவின் காலைக் கிழித்துவிட்டு ஓடியது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனான். அவள் முகங்கொடுக்கவில்லை.

"சுடத் தெரியாட்டி துவக்கக் குடுத்துட்டு வேற வேல பாருய்யா. அடுத்து யாரு காலு?"

கொடுத்துவிடத்தான் நினைத்தான். பிறகு, சுடப் பழகாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தான். அதுவரை தகரம் தட்டியே பன்றிகளை விரட்டினான்.

எங்கே தப்புகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு மாலை, லயத்துக்குப் பின்னால் நின்று மனைவி ராசம்மாவிடம் விரலை நீட்டிக் காட்டினான்.

"இந்தா, உன் மூக்குக்கு நேரா நீட்டுறேன். ரெண்டு கண்ணையும் தொறந்துக்கிட்டு இப்பிடித்தான் குறி வைக்கிறேன்."

"நேராவா? எனக்கு உங்க வெரலு உங்க எடது கண்ணுக்கு முன்னாலல்ல தெரியுது!"

இடது கண்ணை மூடினான். விரல் அவள் முகத்தை விட்டு விலகிப் போனது. வலது கண்ணை மூடினான். விரல் அசையவே இல்லை. துப்பாக்கியை வைத்தது வலது தோளில். குறி பார்த்ததோ இடது கண்.

மறுநாளே தோளை மாற்றினான். கை கேட்கவில்லை. இடக்கை விரல் விசையைத் தேடித் தடுமாறியது. வெறும் துப்பாக்கியைக் கன்னத்தோடு ஒட்டித் தூக்குவதும் இறக்குவதுமாக, வேலை முடிந்த பொழுதெல்லாம் அதே பாடு. லயத்தில் சிரித்தார்கள். ராசம்மா அவன் பக்கத்தில் நின்று பழைய பிஸ்கட் தகரத்தைச் சரிவில் உருட்டிவிடுவாள். துப்பாக்கிக் குழல் அதன்கூடவே ஓட வேண்டும்.

"விசைய இழுக்கையில கொழல நிப்பாட்டிப்புடுறீங்க. தகரம் போய்க்கிட்டே இருக்குல்ல?"

அதையும் திருத்தினான். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டு வாங்கிய தோட்டாக்களால் சுட்டபோது முதலில் மண்தான் பறந்தது. தோள் கன்றிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரம் துள்ளிப் புரண்டது. ராசம்மா ஓடிப்போய் எடுத்து, ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தாள்.

மழை விட்ட ஒரு விடியலில் பெரிய ஆண்பன்றி ஒன்று பாத்திக்குள் இறங்கியது. பின்னால் வெறும் மண்திட்டுத்தான், ஆளில்லை என்று பார்த்துக்கொண்டான். துப்பாக்கி இடது தோளில் தானாகவே அமர்ந்தது. பன்றி நடந்தது, குழலும் கூடவே நகர்ந்தது. ஒரே வெடி. பன்றி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

வெடித்த தோட்டாவின் கூட்டை எடுத்துவிட்டுப் பாத்தி வரப்பில் உட்கார்ந்தான்.

கண்டாக்கையா வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "அப்புறம் என்ன, பழகிட்டியே!"

"இது நடந்து வந்துச்சுங்க. ஓடுறத இன்னும் சுட்டதில்ல. கொஞ்சம் தோட்டா வேணுங்க."