முட்டுப் பலகை

இந்தக் காலத்து ஆட்களுக்கு உடம்பு வணங்குவதில்லை. சாவு வீட்டுக்கு வருகிறார்கள். பெட்டியில் கிடப்பவனின் முகத்தைப் பார்க்கும் முன் செல்போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். கையில் சூப்புக் கிண்ணம் வந்ததும் சோளம் வேகவில்லை என்கிறார்கள். குழி வெட்ட வேண்டும் என்றால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கடைசியில் எவனோ ஒருவன், "அதான் வாசல்ல பொக்லைன் நிக்குதே, பத்து நிமிஷ வேலை" என்கிறான்.

சொன்னது யார் என்று பெலிசாரியோ திரும்பிப் பார்க்கவில்லை. நேராக முற்றத்துக்குப் போய்ப் பொக்லைன் மேல் ஏறினார். முழங்கால் இரண்டும் நொடித்தன. சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"மெஷினை விட்டுத் தோண்டிப் புதைக்க என் மகன் என்ன சாக்கடைக் குழாயா?"

உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லுவதற்குக் கோக்கா இலைப் பையைக் கை மாற்றினார்கள்.

இலாரியோன் மட்டும் பின்னாலேயே வந்தார். செத்துப்போன அப்தோனுக்கு அவர் ஞானத்தகப்பன். பெலிசாரியோவிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒரே ஆள்.

"சாவியைப் புடுங்கிட்டே, சரி. குழியை யாரு வெட்டறது?"

"ஆள் பார்க்கலாம்."

"எந்த ஆளு? பொண்ணைக் கட்டினவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போது வேற எவன் கடப்பாரையைத் தொடுவான்?"

இந்த மலையில் அது அப்படித்தான். சொந்த ரத்தம் குழி வெட்டக் கூடாது. வெட்டினால் மண்ணுக்கு அந்த ரத்தம் பழகிவிடும், அடுத்ததையும் கேட்கும். வெளியிலிருந்து வந்த ரத்தம்தான் வெட்ட வேண்டும். அதாவது மருமகன். பெலிசாரியோவுக்கு ஒரே மகள், ஒரே மருமகன். கிரிமால்தோ. அப்தோன் மேல் மண் சரிந்தபோது பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தவன்.

"அவன் கை என் மகன் குழியில படக் கூடாது."

"அப்போ பெட்டியை வீட்டுலயே வச்சுக் கும்பிடு. மேக்கால பாரு, மழை ஏறிட்டு வருது."

பெலிசாரியோ மேற்கே பார்க்கவில்லை. லாரியைப் பார்த்தார். அதன் கதவில் அப்தோன் தன் கையாலேயே வண்ணம் குழைத்து எழுதியிருந்தான்: பெலிசாரியோவும் மகனும், மண் வேலை, குழாய் வேலை. வீடு கட்ட மலைச் சரிவை வெட்டிச் சமன் செய்வதென்றாலும், சரிந்த பாதையைத் திறப்பதென்றாலும், ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்குவதென்றாலும் சுற்று வட்டாரத்தில் அந்த லாரிதான் போகும். பெலிசாரியோ மண்ணையும் நம்பியதில்லை, மனிதனையும் நம்பியதில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் பள்ளங்களிலிருந்து உயிரோடு ஏறி வந்திருக்கிறார் என்பது அவர் எண்ணம். பள்ளம் ஆள் உயரத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவில் கட்டை கொடுத்து முட்டு நிறுத்த வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது. இந்த இரண்டையும் அவர் வேலையாட்களிடம் சொல்லிச் சொல்லி, அவர்கள் அவருக்குப் 'பலகைக் கிழவன்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு மேலே சாக்கடைக் குழாய் பதித்த அன்று, அந்த மண் சரிந்த அன்று, அவருக்கு முழங்கால் வலி. அவர் போகவில்லை. பலகைகள் லாரியிலேயே இருந்தன. கயிறுகூட அவிழ்க்கவில்லை.

கிரிமால்தோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. அழுததா, குடித்ததா என்று பெலிசாரியோ யோசித்தார். இரண்டாவதுதான் என்று முடிவு செய்தார்.

"மாமா, நான் போய் வெட்டறேன்."

"வெட்டினது போதாதா?"

"மாமா, பலகையை இறக்குவோம்னு நான் சொன்னேன். 'ஒரு ஜாயின்ட்டுதான், மூட்டிட்டு ஏறிடறேன்'னு அவனாதான் இறங்கினான்."

"என் மகன் அப்படிச் சொல்றவன் இல்லை."

"சொன்னான் மாமா."

"செத்தவன் வாயில எதை வேணாலும் திணிக்கலாம். அவன் எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லவா போறான்? மண்ணை விளிம்புல குவிச்சது யாரு? அதுவும் அவன்தானா?"

"பாதை குறுகலா இருந்துச்சு. அந்தப் பக்கம் பள்ளிக்கூடச் சுவரு."

"சுவரு. நல்ல சுவரு."

சமையல்கட்டு வாசலில் செனைதா நின்றாள். அப்தோனின் மனைவி. கையில் அகப்பை. காலையிலிருந்து அவள் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

"அவர் பொய் சொல்லலை மாமா," என்றாள். "நீங்க பக்கத்துல நின்னாதான் பலகை. நீங்க இல்லேன்னா அது லாரியிலயே கிடக்கும். 'கிழவனுக்குப் பயம், எனக்கு என்ன'ன்னு உங்க மகன் சிரிப்பாரு. இதுக்காக அவரோட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன், தெரியுமா?"

பெலிசாரியோ அவளை மேலும் கீழும் பார்த்தார். "புருஷன் இன்னும் வீட்டை விட்டுப் போகலை. அதுக்குள்ள அவன் மேலயே குத்தம் சொல்றே."

செனைதா திரும்பிக்கொண்டாள். உள்ளே போனாள். அண்டாவின் அடியை அகப்பை சுரண்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மகள் நெலிதா அழவில்லை. அப்பாவின் அருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி பேசினாள்.

"அப்பா, குழி வெட்ட விடாத மருமகனுக்கு இந்த ஊர்ல என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியும். கொலைகாரன்னு நீங்க வாயால சொல்லவே வேணாம். இன்னைக்கு இவரை நிறுத்தினீங்கன்னா நாளைக்கு நாங்க இங்க இருக்க முடியாது. எனக்கு இருந்த ஒரு அண்ணனும் போயிட்டான். நீங்களும் வேணாம்னா சொல்லிடுங்க."

பெலிசாரியோ கன்னத்தில் அடக்கியிருந்த இலைச் சக்கையைத் துப்பினார்.

"நான் போன்னும் சொல்லலை. போகாதேன்னும் சொல்லலை. போறவனை எட்டிப் புடிக்க எனக்குக் கால் இல்லை."

அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வராது என்று நெலிதாவுக்குத் தெரியும். புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாள். கிரிமால்தோ கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிப் பக்கம் போனான்.

பெட்டி கிளம்புவதற்கு முன்பே பெலிசாரியோ கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிப் போனார். குழி அளவாக இருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொன்னார். நம்பாத ஆள் எப்போதும் முன்னால்தான் போய் நிற்பான் என்று இலாரியோன் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

தோட்டம் மலைச் சரிவில் இருந்தது. மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே பிடிமானமில்லாத மஞ்சள் சரளை. ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்த மழையில் ஊறியிருந்தது. கிரிமால்தோவின் தலை மட்டும் குழிக்கு மேல் தெரிந்தது. பக்கத்தில் போன இலாரியோன் நின்றுவிட்டார்.

குழியின் இரண்டு பக்கமும் பலகை அடைத்திருந்தது. குறுக்கே கட்டை கொடுத்து, ஆப்பு வைத்து இறுக்கி, முட்டு நிறுத்தியிருந்தான். ஒரு சவக்குழிக்கு எவனும் அப்படிச் செய்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"டேய், என்னடா இது? பெட்டியை இறக்கப் போறியா, குழாய் பதிக்கப் போறியா?" என்றார் இலாரியோன். சாராயம் ஊற்றிக்கொண்டிருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். பெலிசாரியோவைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

அவர் குழியைச் சுற்றி வந்தார். ஒரு கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. தோண்டிய மண் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிக் கொட்டியிருந்தது. அதற்காகப் பக்கத்துக் கல்லறையின் சிலுவையைக்கூட ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தான்.

"இப்போ தள்ளிக் கொட்டத் தெரியுது."

கிரிமால்தோ நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் மஞ்சள் சேறு. "அன்னைக்கும் தெரியும் மாமா," என்றான். மறுபடி குனிந்து மண்ணை அள்ளினான்.

பெட்டி வந்தது. கூடவே பாடி வந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். பெட்டி இறங்க வேண்டுமானால் பலகைகளை எடுக்க வேண்டும். கிரிமால்தோ கீழிருந்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் கழற்றி மேலே கொடுத்தான். பலகைகள் வெளியே வந்தன. அவனும் ஏறினான். கயிற்றில் பெட்டி இறங்கியது. தலைப்பக்கம் ஒரு கல்லில் இடித்துச் சாய்ந்து நின்றது.

சாய்ந்து கிடக்கிறவன் அடுத்தவனைத் தேடி வருவான் என்பார்கள். பெட்டியை நேராக்கவும் மருமகன்தான் இறங்க வேண்டும். கிரிமால்தோ மறுபடி குதித்தான். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே காலை நுழைத்து, குனிந்து கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பெலிசாரியோ விளிம்பைப் பார்த்தார். வேறெங்கே பார்க்க அவருக்குத் தெரியும்? மேல்பக்க விளிம்பில், புல் வேருக்குக் கீழே, நூல் மாதிரி ஒரு கீறல் ஓடியிருந்தது. அதிலிருந்து சரளை உப்புபோல உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏறு," என்றார்.

"இருங்க மாமா."

"ஏறுங்கறேன்."

"ஒரே ஒரு கல்லுதான் மாமா, புரட்டிட்டு ஏறிடறேன்."

பெலிசாரியோவின் முகம் ஒரு கணம் என்னவோ ஆனது. எதிரில் நின்ற செனைதா அதைப் பார்த்தாள்.

"ஏறுடா நாயே! மேலே ஏறு!"

அப்படி அவர் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. கிரிமால்தோ கல்லை விட்டுவிட்டுக் கையை நீட்டினான். இலாரியோன் ஒரு கையையும் இன்னொருவன் மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். அவன் வயிறு விளிம்பைத் தொட்டபோது கீறல் ஓடிய எதிர்ச்சுவர் சத்தமே இல்லாமல் தளர்ந்து இறங்கியது. சாய்ந்தபடியே பெட்டியின் பாதி மூடிப்போனது.

நெலிதா தரையில் உட்கார்ந்து அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். பெட்டியோடு வந்திருந்த பாதிரியார் எடுத்த செபத்தை எங்கே விட்டோம் என்று தெரியாமல் நின்றார். பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது.

"பாத்தியா பெலிசாரியோ," என்றார் இலாரியோன் மெதுவாக. "இவனும் அதைத்தானே சொன்னான். குனிஞ்சு நிக்கிறப்போ எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். உன் மகனுக்கும்..."

"மழை மண்ணு. விழும். இதுல பாக்க என்ன இருக்கு?"

கிரிமால்தோ சேற்றோடு எழுந்து வந்து அவர் முன்னால் நின்றான். மூச்சு வாங்கியது.

"இப்பவாவது நம்புங்க மாமா."

பெலிசாரியோ அவன் கைகளைப் பார்த்தார். கல்லைப் பெயர்த்த நகங்களில் ரத்தம் கட்டியிருந்தது.

"நான் கத்தினேன், நீ ஏறினே," என்றார். "அவனுக்கு யாராவது கத்தினாங்களா?"

பதிலுக்காக அவர் நிற்கவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். பின்னால் மண்வெட்டிகள் வேலையைத் தொடங்கின. முதலில் மரத்தின் மேல் மண் விழும் சத்தம் கேட்டது. அவர் தோட்டத்து வாசல் கதவைத் தாண்டும்போது மண் மேல் மண் விழும் சத்தமாக மாறியிருந்தது.