நாலாக மடித்த துணி

ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளைத் தொடுவேன், ஆனால் ஓட்டமாட்டேன். மற்ற ஆறு நாளும் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுவது என் பிழைப்பு. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் மிதிக்கிறேன். ஏழாம் நாள் சைக்கிளைப் பின்வாசலில் தலைகீழாக நிறுத்தி, பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவேன். பழைய பல் பிரஷ்ஷால் பல்சக்கரத்தின் இடுக்கெல்லாம் குடைவேன். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பேன்.

"கட்டின பொண்டாட்டிய ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி. நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

என்னுடையதைப் பிரிப்பதற்கு முன்னால் மகளுடையதைத் துடைத்துக் கொடுத்துவிடுவேன். அவளுக்குப் பதிமூன்று வயது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கணக்கு டியூஷன். அவள் திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். மட்கார்டுக்கு அடியில் ஒரு சேற்றுப் பொட்டு இருந்தால்கூட "கழுவின அன்னிக்கே இப்படியா?" என்று கேட்பேன். ஒரு தடவை பெயின்டில் நகம் அளவுக்குக் கீறல் விழுந்ததற்காக இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பொருளை மதிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் கையை ஓங்கியதே இல்லை.

துணி விஷயத்திலும் எனக்குச் சட்டம் உண்டு. எண்ணெய் வேலைக்கு நீலத் துணி, ரிம்முக்கு வெள்ளைத் துணி. பிரேக் கட்டை வந்து பிடிக்கிற இடம் ரிம். அங்கே எண்ணெய் பட்டால் பிரேக் இல்லை என்று அர்த்தம். இது சைக்கிள் ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். எந்தத் துணியைக் கீழே வைத்தாலும் அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி நாலாக மடித்துத்தான் வைப்பேன். பரப்பிப் போட்டிருப்பதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

அன்றைக்கு நீலத் துணி சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. சரி, ஒரு தடவைதானே என்று புதிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, நடுவில் மெஷின் எண்ணெய் ஊற்றி, மகளுடைய சைக்கிள் செயினைத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள். கேஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் மாற்ற வேண்டும். போகிறபோது கை தன்பாட்டுக்குத் துணியை நாலாக மடித்து வைத்துவிட்டது. திரும்பி வந்து, மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்த துணியை எடுத்து, இரண்டு ரிம்மையும் மூன்று சுற்று அழுத்தித் தேய்த்தேன். பிரேக் கட்டைகளையும் விடவில்லை. என்றைக்கும் இல்லாத பளபளப்பு. இன்றைக்கு நமக்குக் கை ஓடுகிறது என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெரு முனை வரை ஓட்டிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து அழகாக ஓட்டுவாள்.

பிறகு என் சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, செயினை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு, என் ரிம்மைத் துடைக்க அதே துணியை விரித்தேன். நடுவில் செயின் அழுக்கோடு எண்ணெய் ஊறி, நாலு மடிப்பிலும் இறங்கி, வெளிப்பக்கம் வரை வந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். முகர்ந்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை.

எங்கள் தெருவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை சமதரை. அங்கே யாரும் பிரேக்கைத் தொடுவதில்லை. தொட்டியைத் தாண்டினால் இறக்கம். இறக்கத்தின் அடியில் பெரிய ரோடு. லாரிகளுக்கு ஞாயிறும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவள் முதல்முதலாகப் பிரேக் பிடிக்கப்போகிற இடமே அந்த இறக்கம்தான். அவள் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

என் சைக்கிளைப் பார்த்தேன். ஊரிலேயே சுத்தமான சைக்கிள், சக்கரம் ஒரு பக்கம், செயின் ஒரு பக்கமாகக் கிடந்தது. அதை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. டியூஷன் டீச்சருக்குப் போன் போடச் சொல்லி மனைவியிடம் கத்திவிட்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் ஓடினேன்.

அவருடைய சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் நான் கிண்டல் பண்ணாமல் விட்டதில்லை. துரு பிடித்து, ஸீட் கிழிந்து, வருகிறபோதே தெருவெல்லாம் முனகிக்கொண்டு வரும். அவர் என் முகத்தைப் பார்த்ததும் காரணம் கேட்கவில்லை.

"எடுத்துக்கங்க மீட்டர்காரரே. பாக்கத்தான் அப்படி. பிரேக்கு நல்லா புடிக்கும்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

தண்ணீர்த் தொட்டி வரை எப்படிப் போனேன் என்று தெரியாது. கையில் இருந்த எண்ணெயில் ஹேண்டில்பார் வழுக்கியது. மீட்டர் பார்க்கப் போகிற வீடுகளின் வாசல்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. ஒரு வாசலில் நின்ற அம்மா "என்ன, ஞாயித்துக்கிழமையுமா?" என்று சிரித்தாள். நிற்காமல் மிதித்தேன். பிரேக்கை அழுத்தியிருப்பாள், பிடித்திருக்காது. மறுபடி அழுத்தியிருப்பாள். இதே நினைப்புத்தான் திரும்பத் திரும்ப ஓடியது. காலைத் தரையில் ஊன்றவாவது அவளுக்குத் தோன்றியிருக்குமா? நான் அதைச் சொல்லித் தந்ததே இல்லை. செருப்பு தேயும் என்று திட்டியிருக்கிறேன்.

இறக்கத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்தேன். அடியில் ஒரு லாரி குறுக்காக நின்றது. சுற்றிலும் கூட்டம்.

அதற்கப்புறம் நான் ஓட்டினேனா, சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு போனதா தெரியாது. தையல்காரர் சொன்னது பொய்யில்லை. பிரேக் கிறீச்சென்று அலறிக்கொண்டு பிடித்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தேன். ஒருவன் தோளைப் பிடித்து நகர்த்தினேன். என் கை பட்ட இடத்தில் அவன் சட்டை கறுப்பாகிவிட்டது.

தரையில் சிமென்ட் மூட்டைகள். கட்டு அவிழ்ந்து நாலைந்து மூட்டை விழுந்து உடைந்திருந்தன. டிரைவர் தலையில் கை வைத்து நின்றான்.

"சைக்கிள்ல ஒரு பொண்ணு வந்துச்சா? வெள்ளைச் சட்டை?"

"பொண்ணா? அப்படி யாரும் வரலியே சார்."

அப்பாடா என்று விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் போன் அடித்தது. மனைவி.

"டீச்சர்கிட்ட பேசிட்டேங்க. இன்னும் வரலையாம். மணி பத்தேகால் ஆச்சு. என்னங்க ஆச்சு, சொல்லுங்களேன்."

போனை வைத்தேன். இறக்கத்தில் இல்லை, அடியில் இல்லை, டியூஷனிலும் இல்லை என்றால் எங்கே? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ரோட்டோரச் சாக்கடையைக் குனிந்து பார்த்துக்கொண்டே மேலே நடந்தேன். என் பெண்ணைச் சாக்கடையில் தேடுகிறேன் என்பது பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது.

இறக்கத்தின் நடுவில் இடது பக்கமாக ஒரு சந்து பிரிகிறது. சுற்று வழி, சைக்கிளில் யாரும் போகமாட்டார்கள். அங்கே, அடைத்திருந்த ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள் மகள். சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. டியூஷன் பை ஹேண்டில்பாரில் தொங்கியது. கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து நனைத்து, மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான் இல்லப்பா. ஒரு வண்டி தண்ணிய அடிச்சிட்டுப் போயிடுச்சு. தொடச்சிட்டேன், பாருங்க. பின்னாடி கொஞ்சம்தான் இருக்கு."

"இறக்கத்துல ஓட்டுனியா?"

"இல்லப்பா."

"பிரேக் புடிச்சியா?"

"ஓட்டவே இல்லப்பா." குரல் தேய்ந்தது. "கழுவுற அன்னிக்கு நான் ஓட்ட மாட்டேன். நம்ம தெரு முனை தாண்டினதும் இறங்கிடுவேன். தள்ளிக்கிட்டுதான் போவேன். வரும்போதும் அப்படித்தான்."

"எத்தனை நாளா?"

விரலை மடக்கி எண்ணப் பார்த்து, விட்டுவிட்டாள். "அந்தக் கீறல் விழுந்துச்சில்ல. அதுலேர்ந்து."

அது போன வருஷம்.

நான் சைக்கிளின் இரண்டு பிரேக்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளினேன். பிடிக்காதது போலவே சக்கரம் உருண்டது. எமனாக நான் துடைத்து வைத்திருந்த சைக்கிளிலிருந்து அவளை இறக்கி நடக்க வைத்தது என் மேல் அவளுக்கு இருந்த பயம். இதற்காக நான் யாருக்கு நன்றி சொல்வது?

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். விட்டபோது அவள் சட்டைத் தோளில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பரவால்லப்பா. துவைச்சா போயிடும்," என்றாள் அவசரமாக.

மனைவிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் அழுததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு தையல்காரர் சைக்கிளை நானும், தன் சைக்கிளை அவளுமாகத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ரோடு முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் பழக்கப்பட்ட மாதிரி நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையை ஸீட்டுக்கு அடியிலும் இன்னொரு கையை ஹேண்டில்பாரிலும் கொடுத்து, முழுச் சைக்கிளையும் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"இறக்கும்மா," என்றேன். "தண்ணியிலயே தள்ளு. அழுக்கானா ஆகட்டும்."

அவள் திரும்பி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. சைக்கிளை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டு, சக்கரத்தில் ஒரு சொட்டுப் படாமல், தண்ணீரில் இறங்கி நடந்தாள்.