இடுப்பில் ஒரு எறும்பு

படிவத்தை என் கணவர்தான் நிரப்பினார். ரத்த வங்கிக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் மளமளவென்று டிக் போட்டுக்கொண்டே போனார். அவர் கேள்விகளைப் படிக்கவில்லை. நான் படித்தேன். பதினேழாவது கேள்வி, கடந்த ஒரு வருடத்தில் பச்சை குத்திக்கொண்டீர்களா?

அதற்கும் டிக்.

தொலைபேசி எண் என்ற இடத்தில் தன் எண்ணை எழுதிவிட்டு, "கையெழுத்துப் போடு" என்றார். என் பேனாவை எடுத்துப் போட்டேன்.

எனக்கு ஓ நெகட்டிவ். என் நாத்தனாருக்கும் அதே வகை. பெண் பார்க்க வந்த அன்றே இது தெரிந்து மாமியார் குளிர்ந்துபோனார். "நம்ம வீட்டுக்கே ஒரு பேங்க் வருதுடா!" அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கணவரின் மேலாளருடைய அம்மாவுக்கு, மாடி வீட்டுக்காரரின் மகளுக்கு என்று இந்தப் பத்தொன்பது வருடங்களில் பலமுறை கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஃபோனில் யாரிடமோ, "கவலைய விடுங்க சார், என் வொய்ஃப் இருக்கா" என்று சொல்வதைக் கேட்டுத்தான் எனக்கே விஷயம் தெரியவரும். கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகவே கொடுத்திருப்பேன். யாரும் கேட்டதில்லை.

நாளை காலை நாத்தனாருக்குக் கர்ப்பப்பையில் அறுவை. இரண்டு பை ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாமியார் என் கைப்பையையும் செருப்பையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டுத்தான் என்னை எழுப்பினார்.

ஏழு வாரங்களுக்கு முன்பு, அலுவலகம் சீக்கிரம் விட்ட ஒரு மத்தியானம், ஓர் அழகு நிலையத்தின் பின்னறையில் நான் பச்சை குத்திக்கொண்டேன். இடுப்பில், இடதுபக்கம், சுண்டுவிரல் நகத்தளவு ஓர் எறும்பு. "பூ போடலாமே அக்கா?" என்று கேட்டாள் பச்சை குத்தும் பெண். வேண்டாம் என்றேன். ஏன் எறும்பு என்று எனக்கும் தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் யாரையும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் செய்த ஒரு காரியம், அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்தவளுக்குக் குத்திய ஊசியைப் பஞ்சால் துடைத்துவிட்டு அதே ஊசியை என் இடுப்பில் வைத்தாள். பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து பழக்கமில்லை.

உள்ளே ஒருவர் என் விரல்நுனியைக் குத்தி, ஒரு சொட்டை நீலத் திரவத்தில் விட்டார். மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, மிதந்தால் இல்லை. மிதந்துவிடு, மிதந்துவிடு என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். கல் மாதிரி இறங்கிப்போய் அடியில் உட்கார்ந்தது.

அடுத்தது ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஆலோசகர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த பெண்மணி படிவத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார்.

"டிக்கெல்லாம் ஒரு மை, கையெழுத்து ஒரு மை. யார் எழுதினது?"

"அவர்தான்..."

"ரத்தமும் அவரேதான் கொடுக்கப்போறாரா?"

கதவைத் திறந்து மாமியார் தலையை நீட்டினார். "அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல டாக்டர். சீக்கிரம் எடுத்துட்டு அனுப்புங்க, சமையல் கிடக்கு."

"நான் டாக்டர் இல்லம்மா. கதவைச் சாத்திட்டுப் போங்க."

கதவு மூடிக்கொண்டது. அவர் படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை என் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்க."

பதினாறு கேள்விகள் வரை பேனா ஓடியது. பதினேழில் நின்றுவிட்டது. 'இல்லை' என்று போட்டால் இந்த அறையை விட்டு எல்லோருக்கும் நல்லவளாக வெளியே போகலாம். 'ஆம்' என்றால் என்னிடம் இருக்கும் ஒரே ஒரு சொந்த விஷயம், குட்டி எறும்பு, மாமியாரின் வாயில் அரைபடும். நாத்தனாரின் முகம் வந்தது. என்னிடம் எதையும் கேட்டு வாங்கும் ஒரே ஆள் அவள்தான். "அண்ணி, உங்க பச்சைச் சட்டைய ஒருநாள் எடுத்துக்கவா?"

"எடுத்த ரத்தத்தை டெஸ்ட் பண்ணித்தானே ஏத்துவீங்க?" என்று கேட்டேன்.

"பண்ணுவோம். கிருமி புதுசா நுழைஞ்சிருந்தா சில வாரம் டெஸ்ட்டுக்கே தெரியாமப் போகலாம். அதனாலதான் முதல்ல மனுஷங்களக் கேக்குறோம்." அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "தானா வர்றவங்களுக்குப் பிரச்சினையே இல்ல. ஏதாவது இருந்தா சொல்லிட்டு, அடுத்த தடவை வரேன்னு போயிடுவாங்க. வீட்டாளுங்க தள்ளிட்டு வர்றவங்கதான் இந்த நாற்காலியில உக்காந்து வேர்க்கிறாங்க."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

"எங்கே?"

"இடுப்புல. எறும்பு."

"ஒண்ணா, கூட்டமாவா?" என்று சிரித்தார்.

"ஒண்ணுதான்." ஊசியைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கே ஒரு பரிசோதனை எழுதிக்கொடுத்தார். ஒரு வருடத்துக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது என்றார். பிறகு, "வெளியே நான் 'ஒரு வருஷத்துக்கு எடுக்க முடியாது'ன்னு மட்டும்தான் சொல்லுவேன். ஏன்னு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஒரு பை எங்ககிட்ட இருக்கு. இன்னொண்ணுக்கு ஆளைக் கூப்பிடுறேன்" என்று ஒரு நோட்டைத் திறந்தார்.

வெளியே கணவரின் முகம் சிவந்திருந்தது. "எல்லாத்துக்கும் இல்லைன்னுதானே போட்டேன்? அவகிட்ட என்னத்த உளறினே?"

"பேங்க்கைப் பூட்டிட்டாங்களாம்" என்றார் மாமியார். "சொந்த நாத்தனாருக்குன்னு வரும்போது."

"என்னைக் கேட்டு எழுதியிருந்தா சரியா எழுதியிருப்பீங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

அரைமணி நேரத்தில் ஒரு டெலிவரிக்காரர் ஹெல்மெட்டோடு வந்தார். போய்ப் படுத்தார், கொடுத்தார், பிஸ்கட்டைத் தின்றபடி வெளியே வந்தார். மாமியாருக்குத் தாங்கவில்லை. "தம்பி, நீங்க எங்களுக்கு யாரு?"

"யாருமில்லம்மா. கூப்பிட்டா வருவேன்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"வீட்டுல எதுக்குக் கேக்கணும்? என் கைதானே" என்று சொல்லிவிட்டு, முழங்கையை மடக்கியபடியே படியிறங்கிப் போனார். அவர் போன வழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டில் நாத்தனார் தனியாகப் படுத்திருந்தாள். "என்ன அண்ணி, உங்க ரத்தம் எனக்கு வேண்டாம்னுட்டாங்களாமே?"

திரையை இழுத்துவிட்டு, சட்டையின் ஓரத்தை விரலளவு தூக்கிக் காட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, கடிக்குமா இது? அண்ணன் என்ன சொன்னார்?"

"இன்னும் பார்க்கல."

"எப்போ குத்தினீங்க?"

"ஏழு வாரமாச்சு."

அவள் சிரிப்பு நின்றது. பிறகு தானே என் சட்டை ஓரத்தை மெல்லக் கீழே இழுத்துவிட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கணவரின் குரல் நெருங்கி வந்தது. யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். "இப்ப முடியாதாம் சார். என்னமோ ரூல். ஒரு வருஷம் போகட்டும், கவலைய விடுங்க, என் வொய்ஃப்..."

நாத்தனார் என் கையை இறுகப் பிடித்தாள். நான் திரையை விலக்கினேன்.

"என்னைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன், ஃபோனுக்கும் கேட்கும்படி.