வீட்டுப்புழு

ஆறாம் வகுப்பை ஓடைக்குக் கூட்டிப் போவதற்குப் பதில் பூனைக்குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டிப் போகலாம். ஒன்று வலையைத் தலையில் மாட்டிக்கொள்ளும், ஒன்று வழுக்கி விழுந்து அழும். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது.

வேலை என்னவோ எளிது. ஒருவர் காலால் கற்களைக் கலக்க வேண்டும், இன்னொருவர் கீழே வலையைப் பிடிக்க வேண்டும். விழுவதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிடும். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் சாக்கடை. கூடு கட்டி வாழும் வீட்டுப்புழு இருந்தால் நல்ல தண்ணீர்.

"எதால மிஸ் வீடு கட்டும்?"

"மணல், குச்சி, பக்கத்துல எது கிடக்குதோ அது. எச்சில் நூலால ஒட்டிக்கும். உங்கள மாதிரி ஊர் சுத்தாது."

இந்த ஓடை என் அக்கா வினுதாவின் கணவர் உமேஷ கௌடாவின் பாக்குத் தோட்டத்துக்குள் ஓடுகிறது. பாவா என்று நான் கூப்பிடும் அவர் முகம் கோணாமல் சம்மதித்தார், பிள்ளைகளுக்கு மோர்கூட கொடுத்தனுப்பினார். "பாலத்துக்குக் கீழயே பாத்துக்கோம்மா. மேல மடு இருக்கு, வழுக்கும். பசங்க விழுந்தா உன் தலைதான் உருளும்" என்றார்.

நான்கு மழைக்காலத்துக்கு முன் அக்கா காணாமல் போனாள். "கழுத்துல தாலியோடயே எவன்கூடவோ சிவமொக்கா பஸ் ஏறினா, வெக்கங்கெட்டவ. என் கண்ணால பாத்தேன்" என்று பாவா ஊரெல்லாம் சொன்னார். என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் அவளோ என்று ஓடிப் போய் எடுப்பேன். அவள் மகள் சஹனா என் வகுப்பில்தான் படிக்கிறாள். விழுந்த பற்களையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாள். அம்மா வந்தால் காட்டுவாளாம்.

"சிக்கம்மா!"

பள்ளியில் மிஸ் என்று கூப்பிடு என்று எத்தனை தடவை சொன்னாலும், சந்தோஷம் வந்தால் அவளுக்குச் சித்தி முறைதான் வாயில் வரும். நனைந்த பாவாடையோடு ஓடி வந்து உள்ளங்கையை விரித்தாள்.

"வீட்டுப்புழு! கருகமணி போட்டிருக்கு பாருங்க. கல்யாணப் பொண்ணு!"

கூட்டில் மணலோடு மணலாகக் கறுப்பு மணிகள் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு நீல மணி.

அந்த நீலம் எனக்குத் தெரியும். அக்காவின் தாலிச் சங்கிலி அறுந்து கருகமணி போதாமல் போனபோது, பள்ளிக் கைவேலைப் பெட்டியிலிருந்த நீல மணிகளைச் சேர்த்து நான்தான் கோத்துக் கொடுத்தேன். "தாலியா இது, பொம்மைக்குப் போடுற பாசியா?" என்று பாவா கேலி செய்தார். அவள் அதைக் கழற்றவே இல்லை.

"எங்கடி எடுத்த?"

"திட்டக்கூடாது. மேல, மடுவுல. பெரிய கல்லுக்கு அடியில."

"மடுவுக்குள்ள மணி எப்படி வந்துச்சு?" என்றாள் ஒருத்தி.

நிஷ்சல் பாடத்தை ஒப்பித்தான். "அது ஊர் சுத்தாது. பக்கத்துல கிடக்குறதத்தான் எடுக்கும். அப்படித்தானே மிஸ்?"

கால் நனைந்திருந்த தண்ணீரிலிருந்து பதறி ஏறினேன். இத்தனை வருடம் நான் பஸ் ஸ்டாண்டில் தேடிய முகம் இந்த ஓடையின் தலைமாட்டில் கிடந்திருக்கிறது.

பாலத்தின் மேலிருந்து பாவா குரல் கொடுத்தார். "என்னம்மா, நம்ம தண்ணி பாஸா?"

"பாஸ், பாவா." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

எடுத்த உயிரை எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பது என் சட்டம். சஹனா அதை மறக்கவில்லை. "இத மடுவுலயே விட்டுட்டு வரவா?"

"வேண்டாம்டி. இத விட வேண்டாம்." புழுவைப் புட்டியில் போட்டு மூடி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளை வீடு சேர்த்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷன்தான்.

"நல்ல தண்ணி! முழு மார்க்!" என்று பிள்ளைகள் கூத்தாடினார்கள். நான் தடுப்பதற்குள் சஹனா குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டாள்.

"இனிக்குது சிக்கம்மா" என்றாள்.