இரண்டாம் முறை சொன்னால் ஸ்பேம்

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் கால்வாய் உறைந்தால் மனிதர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும். ஆண்டு முழுக்க அளந்து பேசுகிறவர்கள், லாட்டரி விழுந்தாலும் பல் தெரியச் சிரிக்காதவர்கள், நாலு நாள் சேர்ந்தாற்போல் உறைபனி விழுந்ததும் கால் தரையில் பாவாமல் திரிவார்கள். அலுவலகங்களில் பாதிப் பேருக்குத் திடீர்க் காய்ச்சல் வரும். மேலாளர் திட்டமாட்டார், ஏனென்றால் அவருக்கும் காய்ச்சல்.

அப்போது எல்லாரும் போய் விழும் இடம் இணையத்தில் இருக்கும் 'ஐஸ் குழு'. எந்தக் கால்வாய் ஆளைத் தாங்கும், எது தாங்காது, எந்த வழியாகச் சறுக்கிக்கொண்டு போனால் காற்று முதுகில் அடிக்கும் என்றெல்லாம் அங்கேதான் பேச்சு. ஊர்ச் சங்கங்கள் பராமரிக்கும் சறுக்குத் திடல்களுக்குப் பொறுப்பானவர்கள் உண்டு. வயல்களுக்கு நடுவே ஓடும் கால்வாய்களுக்கு யாருமில்லை. நகராட்சியைக் கேட்டால், இயற்கை ஐஸில் இறங்குவது அவரவர் பொறுப்பு என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிடுவார்கள்.

குழுவின் அட்மின் வீப்ரன். பழைய தபால்தலை சேகரிப்பவனைப் போல விதிகளைச் சேர்த்து வைத்திருந்தான். அவற்றில் இரண்டு முக்கியமானவை. துளைபோட்டு அளந்து, சென்டிமீட்டர் கணக்கைச் சொல்லாதவன் ஐஸைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஒரு விஷயத்தை ஓரிடத்தில் ஒருமுறைதான் சொல்லலாம், இரண்டாம் முறை சொன்னால் அது ஸ்பேம். குறை சொல்ல முடியாது, காரணத்தோடுதான் வைத்தான். போன குளிர்காலத்தில் ஒருத்தன் சறுக்குக் காலணியின் அடிக்கத்தியைத் தீட்டும் கல்லை விற்க எல்லாப் பேச்சு இழைகளிலும் ஒரே விளம்பரத்தை ஒட்டிக்கொண்டே போனான். அவனைத் துரத்துவதற்குள் வீப்ரனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஹிஸ்கே அந்தக் குழுவில் பழைய உறுப்பினர். பல் மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவள், தினமும் சைக்கிளில்தான் மருத்துவமனைக்குப் போவாள். வழியில் நெட்டைப் பாலம் என்று எல்லாரும் சொல்லும் பாலம் ஒன்று உண்டு. மற்றப் பாலங்களுக்கு அடியில் ஐஸ் மெலிதாக இருக்கும், அங்கெல்லாம் ஏறி நடந்து கடப்பதே வழக்கம். நெட்டைப் பாலம் மட்டும் உயரமும் அகலமுமானது, காற்று தாராளமாக நுழையும். ஆகவே அதன் அடியில் எல்லாரும் அடித்த வேகத்தில் புகுந்து போவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

இந்த வருடம் அங்கே வாத்துகள் கூடிவிட்டன. நூற்றுக்கணக்கில் நின்று காலை அடித்து அடித்துத் தண்ணீரை உறைய விடவில்லை. புதன்கிழமை வரை பாலத்தடியில் கறுப்புத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்ததை ஹிஸ்கே கண்ணால் பார்த்தாள். வியாழன் காலை வாத்துகள் ஒன்றுமில்லை. இரவில் ஓர் ஆடை படிந்து, அதன்மேல் பூப்போலப் பனி தூவி, முன்னாலும் பின்னாலும் இருந்த நல்ல ஐஸோடு சேர்ந்து ஒரே வெள்ளையாகக் கிடந்தது. சனிக்கிழமை குழுவினர் அந்த வழியாகத்தான் சுற்றுப்பயணம் வைத்திருந்தார்கள்.

சைக்கிளை நிறுத்தி அங்கேயே எழுதினாள். 'நெட்டைப் பாலத்துக்கு அடியில் புகாதீர்கள், நேற்றுவரை அது வாத்துகள் நின்ற தண்ணீர், ஏறி நடந்து போங்கள்.' எச்சரிக்கைப் பகுதியில் முறைப்படி போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

மதிய இடைவேளையில் பார்த்தபோது அந்தப் பதிவு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மேலே கிடந்தவை எல்லாம் ஒரே கேள்வி: 'சனிக்கிழமை வரை தாங்குமா?' அதற்குக் கீழே, 'தாங்கும், தாங்கும்.' அடுத்தவன், 'தாங்குமா?' நானூறு பேர் மாற்றி மாற்றி இதையே எழுதியிருந்தார்கள். அதில் ஒன்றுகூட ஸ்பேம் இல்லையாம், உற்சாகமாம்.

ஊதுகிற சங்கை ஊதுவோம் என்று ஹிஸ்கே உட்கார்ந்தாள். சனிக்கிழமைப் பயணம் பற்றி யார் எந்த இழையில் கேட்டிருந்தாலும் அதன் அடியில் அதே வாக்கியத்தை ஒட்டினாள். சூப் கடை எங்கே என்று கேட்டவனுக்கும் அதே பதில்தான், கையுறை தொலைந்தது என்று புலம்பியவளுக்கும் அதே பதில்தான். அறையில் நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

குழுவில் சிரிப்பு கிளம்பியது. எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டார்கள். அளக்கவில்லை என்றாள். ஒருவன் எழுதினான்: "பல் டாக்டருக்கு எங்க பாத்தாலும் ஓட்டைதான் தெரியும், விடுங்கப்பா." அதற்கு நூறு பேர் கைதட்டினார்கள். இன்னொருத்தி சொன்னதையே சொல்லும் கிளிப்பிள்ளை என்றாள். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் புகார் கொடுக்க, வீப்ரன் அவளைக் குழுவிலிருந்து நீக்கினான். நீக்கப்பட்டவரின் பதிவுகள் எல்லாம் தாமாக அழிந்துவிடும்படி அந்தத் தளம் அமைந்திருந்தது. முறைப்படி போட்ட முதல் எச்சரிக்கையும் அதோடு போயிற்று.

ஹிஸ்கேவுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு உட்காருகிற ரகமில்லை அவள். மறுநாள் காலை சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். நல்ல ஐஸின் விளிம்பில் நின்று, நீளக் கழியால் அதை மெல்லத் தள்ளி, கெட்ட இடத்தின் தொடக்கத்தில் நிறுத்தினாள். அதன் முதுகில் சிவப்புத் துண்டொன்றைக் கட்டினாள். கால்வாய் நடுவில் நாற்காலி நின்றால் எந்த மடையனும் யோசிப்பான் என்று நினைத்தாள்.

ஃப்ரீஸ்லாந்தில் பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. அந்த ஊர்க் குழந்தைகள் ஐஸில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுதான் சறுக்கப் பழகுகிறார்கள். கால்வாய் ஓரத்து வீட்டுக்காரர்கள் காலணி மாட்டிக்கொள்ள வசதியாக ஐஸில் நாற்காலி போட்டு வைப்பது பெரிய புண்ணியம். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது, ஒரு பெரியவர் அந்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, காலணியின் வாரை இறுக்கிக்கொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். சிவப்புத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஹிஸ்கே சரிவில் இறங்கிக் கரையோரம் போனாள். கத்தினால் அவர் சட்டென்று எழுந்துவிடுவார். குரலைத் தாழ்த்தி, கரையிலிருந்தே பேசினாள்.

"ஐயா, நீங்க எழுந்திருக்காதீங்க. அப்படியே முன்னால சரிஞ்சு, நாலு கால்ல தவழ்ந்து என்கிட்ட வாங்க."

"எதுக்கும்மா? ஏதாச்சும் விழுந்திருக்கா, தேடணுமா?"

"ஆமாங்க. தேடிக்கிட்டே வாங்க."

அவர் தவழ்ந்து பாதி வழி வந்தபோது பின்னால் நாற்காலியின் ஒரு கால் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. பிறகு நாற்காலியே சாய்ந்தது. பெரியவர் திரும்பிப் பார்த்தார், பிறகு இன்னும் வேகமாகத் தவழ்ந்து கரையேறினார். குழுவைப் பற்றிக் கேட்டதற்கு, அந்தக் கருமாந்தரத்தையெல்லாம் தான் பார்ப்பதில்லை என்றார்.

ஹிஸ்கே வீப்ரனைத் தொலைபேசியில் பிடித்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நடந்ததைச் சொன்னாள். வீப்ரன் பொறுமையாகக் கேட்டான்.

"ஒரு ஆளு அதுல உக்காந்து ஆப்பிள் தின்னாருன்னு நீயே சொல்றே. அப்ப ஐஸ் தாங்குச்சுல்ல?"

"நாற்காலி உள்ள போச்சுடா."

"கடைசியிலதானே போச்சு. எத்தனை சென்டிமீட்டர்னு ஒரு கணக்குக் குடு ஹிஸ்கே, நானே மேல ஏத்தி வைக்கிறேன்."

"அளக்கணும்னா அதுமேல நிக்கணும். நின்னா நான் உள்ள. அது உன் மண்டையில ஏறவே ஏறாதா?"

வீப்ரன் பெருமூச்சு விட்டான். உனக்கு ஒரு நியாயம், கல் விற்றவனுக்கு ஒரு நியாயம் என்று வைத்தால் நாளைக்கு ஆளாளுக்கு ஓட்டை ஓட்டை என்று பீதி கிளப்புவார்கள், அப்புறம் உண்மையான எச்சரிக்கையை எவன் நம்புவான் என்றான். பொய்யில்லை, அதுவும் நியாயம்தான். அதனால்தான் அவளால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

எழுத்தை அழிக்கலாம். பொருளைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். ஆள் குறுக்கே நின்றால் என்ன செய்வார்கள், பார்ப்போம். சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு கம்பளிச் சட்டை போட்டு, ஏணியையும் கயிற்றையும் இழுத்துக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம் நல்ல ஐஸில் போய்க் கையை விரித்து நின்றாள்.

முதல் கூட்டம் கத்திகள் கிறீச்சிட வந்தது. "பாலத்துக்கு அடியில போகாதீங்க. புதன்கிழமை வரைக்கும் அது வாத்து நின்ன தண்ணி. ஏறி நடந்து போங்க," என்றாள். முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போனார்கள். அடுத்த கூட்டத்துக்கும் அதையே சொன்னாள். அதற்கடுத்த கூட்டத்துக்கும் அதையே. வேறு வார்த்தை தேடவில்லை, தேடினால் நேரம் போகும். ஒருத்தி பனிவாசலில் நிற்கும் பூதம் என்று கிண்டல் செய்தாள். ஒருவன், நீதானே அந்தப் பல் டாக்டர் என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நடந்தான். ஒரு தாய் மட்டும் தன் பட்டாணி சூப்பில் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். பத்துமணிக்கெல்லாம் ஹிஸ்கேவின் தொண்டை கட்டிப்போயிற்று, கால்விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. நகரவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவளுக்கு அம்மியெல்லாம் நகர வேண்டாம், மனிதர்கள் நாலடி தள்ளிப் போனால் போதும்.

குழுவில் இதுவும் போய்ச் சேர்ந்தது. 'நெட்டைப் பாலத்தில் ஒரு பெண் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித் தொல்லை கொடுக்கிறாள், அட்மின் கவனிக்கவும்.' அட்மின் கவனித்தான். துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, சறுக்கியபடி நேரில் வந்தான்.

அவள் அவனிடமும் அதையே சொன்னாள், ஒரு எழுத்து மாறாமல்.

"நான் அளக்க வந்திருக்கேன்," என்றான் வீப்ரன்.

அவள் கயிற்றின் நுனியை அவன் இடுப்பில் கட்டினாள். அவன் ஏணியைக் கிடத்தி அதன்மேல் குப்புறப் படுத்தான். முதல் துளை பன்னிரண்டு சென்டிமீட்டர். வெற்றியோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். ஓர் ஆள் நீளம் நகர்ந்து அடுத்ததைப் போட்டான், ஐந்து. மூன்றாவதற்குக் கருவியைத் திருகவே இல்லை. முனையை வைத்ததும் அது வழுக்கென்று இறங்கியது, கறுப்புத் தண்ணீர் மேலேறிப் பனியில் பரவியது. அவனுடைய சட்டைக்கை முழங்கை வரை நனைந்தது. ஹிஸ்கே கயிற்றைப் பிடித்து இழுத்தாள். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமில்லை.

"நானூறு பேரு," என்றான். அவள் அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

அவன் தொலைபேசியை எடுத்துக் குழுவில் எழுத ஆரம்பித்தபோதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டுக் கேட்டது. காலையிலிருந்து எல்லாரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது காற்று மாறிவிட்டது. எதிர்க்காற்றில் மாய்வானேன் என்று முன்னே போனவர்கள் சிலர் வந்த வழியே திரும்பிவிட்டார்கள், காற்று முதுகில், முழு வேகத்தில். காலையில் ஏறி நடந்தவர்கள்தான், ஆனால் அந்தப் பக்கத்தில் கையை விரித்து நிற்க யாருமில்லையே. சறுக்குகிறவன் எவனும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சறுக்குவதில்லை.

ஹிஸ்கே கத்தினாள். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. வீப்ரன் தொலைபேசியைக் கீழே போட்டான். கத்திக் காலணியோடே கரையேறி, சாலையில் தீப்பொறி பறக்க ஓடி, மறுபக்கச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான். பாலத்தடியின் வழியாக அவள் பார்த்தபோது, தூரத்து வெளிச்சத்தில் அவன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"பாலத்துக்கு அடியில போகாதீங்க. புதன்கிழமை வரைக்கும் அது வாத்து நின்ன தண்ணி. ஏறி நடந்து போங்க."

கத்திகள் பக்கவாட்டில் திரும்பி ஐஸைச் சீவி நின்றன. முன்னால் வந்தவன் மூச்சு வாங்கச் சிரித்தான், அவன் குழுவில் பேர் பெற்ற கிண்டல்காரன்.

"என்ன அட்மின், அந்தம்மா உனக்கும் பாடம் எடுத்துட்டாளா? இந்தப் பக்கம் அளந்தியா? எத்தனை சென்டிமீட்டர்?"

வீப்ரன் கைகளைத் தாழ்த்தவில்லை. அந்தப் பக்கம் அவன் அளந்திருக்கவில்லை. கருவியும் இங்கே, ஹிஸ்கேவின் காலடியில் கிடந்தது.

"அளக்கல," என்றான். "அந்தம்மா சொன்னாங்க. ஏறி நட."

கிண்டல்காரன் ஏறி நடந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். அடுத்த கூட்டம் வந்தது, வீப்ரன் அதே வாக்கியத்தை எழுத்து மாறாமல் திரும்பச் சொன்னான். அதற்கடுத்த கூட்டத்துக்கும் சொன்னான். பாலத்தின் வளைவில் மோதி அவன் குரல் இருமடங்காகத் திரும்பி வந்தது. ஹிஸ்கேவுக்குக் கண் நிறைந்தது, மகிழ்ச்சியா ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. துடைக்க நேரமில்லை. இந்தப் பக்கமும் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது, குரல் வராவிட்டாலும் கை இருந்தது. விரித்துக்கொண்டு நின்றாள்.